புயலேறி வெளியே வந்தானா?

1973 ஜனவரி 12, வெள்ளி

புயலேறி படக்கதையின் அறுபத்தொன்றாம் இதழ் வந்துவிட்டது. எர்ணாவூரில் வேலை முடிந்து பஸ் ஏறி, தண்டையார்பேட்டையில் கலீலுல்லா பாய் புத்தகக் கடையில் இறங்கி வாங்கிக்கொண்டு, மீதித் தூரம் நடந்தேன். ராயபுரம் வருவதற்குள் பாதிக் கதை முடிந்துவிட்டது.

என்னவோ உறுத்தியது. வீட்டில் அறுபதையும் அறுபத்தொன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். மூக்குதான். புயலேறிக்கு முகமூடிக்கு வெளியே தெரிவதே மூக்கும் வாயும் மட்டும். இரண்டரை வருடமாகக் கத்தி மாதிரி இருந்த மூக்கு, இந்த இதழில் நுனி உருண்டிருக்கிறது. கதை அதேதான், சீமையில் வரைந்து இங்கே தமிழில் அச்சாவது. ஆல்டன் நகரம் என்ற சீமைத் துறைமுகம். அங்கே வானிலை ஆபீஸ் குமாஸ்தா ஹென்றி. காற்று எழுந்தால் முகமூடி மாட்டிப் பறப்பான், காற்று நின்றால் விழுந்துவிடுவான். எல்லாம் அப்படியே. மூக்கு மட்டும் ஏன்?

அம்மா எட்டிப் பார்த்தாள். "இருவத்தாறு வயசாவுது. பொம்ம புக்குல மூக்கு பாத்துகினு கீற."

பார்க்கத்தான் செய்கிறேன். பகல் முழுக்க டெலிபோன் ஸ்விட்ச்போர்டில் உட்கார்ந்து ஊரார் பேச்சின் முதல் வார்த்தையைக் கேட்டு இணைப்பைக் கொடுத்துவிட்டு விலகுகிறவள் நான். மீதி என்ன பேசினார்கள் என்று ஒருநாளும் தெரியாது. முதலிலிருந்து கடைசிவரை எனக்குக் கிடைப்பது இது ஒன்றுதான்.

ஜனவரி 14, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து பாய் கடைக்குப் போனேன். முதல் இதழிலிருந்து புயலேறி சேர்ப்பவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர், அவரும் நானும். அவர் பத்துப் பத்தாகத் தைத்துக் காலிகோ அட்டை போட்டு, விற்கிற புத்தகங்களுக்கு மேலே, யார் கைக்கும் எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறார். நான் ட்ரங்குப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன்.

மூக்கைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தாளை மூக்கோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஆளு மாறிட்டாம்மா. மின்னாடி போட்டவன் பேனாவுல போட்டான். இவன் பிரஷ்ஷுல போட்றான். கோடு நடுவுல ஊதிக்கினு கீது பாரு."

"ஏன் மாத்தினாங்க பாய்?"

"சீமையில நடக்கறது எனக்கு இன்னா தெரியும்?"

ஜனவரி 26, வெள்ளி

அறுபத்திரண்டு. ஆல்டன் நகரத்தில் தண்ணீர்ப் பஞ்சம். குழாயடியில் பெண்கள் வரிசை. எல்லோருக்கும் கவுன், தொப்பி. ஆனால் வாளியை இடுப்பில் வைத்திருக்கிறார்கள். சீமையில் இடுப்பில் வைப்பார்களா?

பிப்ரவரி 10, சனி

அண்ணன் சிலுவைமுத்து ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன். புதிய இதழை என் கையிலிருந்து பிடுங்குவதும், ரெண்டு பக்கம் புரட்டிக் கிண்டல் செய்வதும் அவன் வழக்கம். இன்று பிடுங்கினான். கிண்டல் செய்யவில்லை. ஒரே பக்கத்தில் நின்றுவிட்டான்.

"இத்த யாரு வரைஞ்சது?"

"சீமைக்காரங்க."

"சீமைக்காரன் எப்ப வந்து என் கிரேன பாத்தான்? கூண்டு மேல தகரம் ஒருபக்கம் தூக்கிக்கினு கீது பாரு. போன பொயல்ல பிச்சிக்கிச்சி. மாட்றேன் மாட்றேன்னு சொல்லிக்கினே கீறானுங்க, இன்னும் மாட்டல."

"எல்லா ஊர்லயும் கிரேன் இருக்கும்ண்ணே. தகரமும் பிய்யும்."

"பிய்யட்டும். அதுக்குப் பக்கத்துல கட்டி வெச்ச தார்ப்பாயி? நான் கட்டனது ஐரீனு. முடிச்சிகூட என் முடிச்சி."

முடிச்சு தெரிகிற அளவுக்குப் படம் பெரிதில்லை. ஆனால் தார்ப்பாய் இருக்கிறது. தகரம் இருக்கிறது. தூக்கம் வரவில்லை. ஆல்டன் நகரம் ராயபுரத்தில் இருக்கிறதா?

பிப்ரவரி 11, ஞாயிறு

பாயிடம் சொன்னது தப்போ? குழாயடியையும் கிரேனையும் காட்டியதும் முகம் இறுகிவிட்டது.

"அப்ப இது டூப்பு. இங்கியே எவனையோ வுட்டு வரைஞ்சி, சீமைச் சரக்குன்னு விக்கறான் கோமேதகம் பிரசுரத்துக்காரன்."

"படம் நல்லாத்தானே இருக்கு பாய். மின்ன விட நல்லா இருக்கு."

"நல்லா கீறது வேற, அசலு வேற. என் வரிசை அறுவதோட முடிஞ்சிபோச்சி. உனக்கு வேணும்னா எடுத்து வெக்கறேன், வந்து வாங்கிக்க. எங்கிட்ட கதை பேசாத."

அவரோடு கதை பேசத்தானே அந்தக் கடைக்கே போகிறேன். ஆனால் ஒன்று. அவருக்குக் கோபம் வந்த அதே இடத்தில் எனக்கு ஆசை வருகிறது. யார் அது? என்னோடு இதே ஊரில் இருந்துகொண்டு, இதே கிரேனைப் பார்த்துக்கொண்டு?

பிப்ரவரி 23, வெள்ளி

புயலேறியின் சிவப்பு அங்கி முன்பு பட்டுபோலப் பறக்கும். இப்போது ஈரத் துணி மாதிரி கனக்கிறது. தோளில் இரண்டு முனை மட்டும் பிடித்துக்கொண்டு நடுவில் புடைக்கிறது. அதுதான் அழகாக இருக்கிறது.

மார்ச் 4, ஞாயிறு

இந்த இதழில் முழுப்பக்கப் படம் ஒன்று. புயலேறி மேலிருந்து நகரத்தைப் பார்க்கிறான். கிரேனின் கை நீண்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே ஒரு கோபுரச் சிலுவை. எங்கள் கோயில் சிலுவைதான், சந்தேகமே இல்லை. இரண்டும் அப்படி ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரிய வேண்டுமானால் ஒரே நேர்கோட்டில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

பூசை முடிந்ததும் கோபுரத்துக்குப் பின்னால் தெருத்தெருவாக நடந்தேன். ஒரு சந்தில் நின்றால் நேர்கோடு சரியாக வருகிறது, ஆனால் கூரைகள் மறைக்கின்றன. உயரம் வேண்டும். அந்தச் சந்தின் கோடியில் உயரமாக இருப்பது ஒன்றே ஒன்று: குடிசை மாற்று வாரியம் புதிதாகக் கட்டின மூன்று மாடிக் கட்டடம்.

ஏறத் தைரியம் வரவில்லை. யாரைத் தேடுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்?

மார்ச் 11, ஞாயிறு

ஏறினேன்.

மொட்டை மாடி. கடல்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் ஒரு சிவப்புப் புடவை, இரண்டு முனையில் மட்டும் கிளிப் போட்டு, நடுவில் புடைத்துக்கொண்டு. அதற்கு எதிரே கவிழ்த்த வாளியின் மேல் ஒரு பெண், மடியில் அட்டை, கையில் பிரஷ். நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். புடவையைப் பார்ப்பதும் வரைவதுமாக இருந்தார். அட்டையில் புயலேறி.

என்னைக் கண்டதும் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "யாரும்மா? வாரியத்துலேர்ந்தா?"

"ஐயோ கைய எடுக்கா. மை ஈரமா கீது, அயிஞ்சிடும்." எனக்கே தெரியாமல் கத்திவிட்டேன்.

கையை எடுத்தார். அங்கியின் ஓரம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

பெயர் புஷ்பவல்லி. அப்பா சினிமா பேனர் எழுதியவராம். சிறுமியாக இருக்கும்போதே பேனர் முகங்களுக்கு நிழல் அடித்துக் கொடுத்த கை. புருஷன் நீலமேகம் கோமேதகம் அச்சகத்தில் படங்களுக்கு அச்சு பிளாக் செய்கிறவர். டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து புயலேறிப் படங்களின் ஃபிலிம் வருவது நின்றுபோனது. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, "என் வூட்டுக்காரி வரைவா" என்று நீலமேகம்தான் சொன்னாராம்.

"ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு சொல்லிக்கிறாரு மொதலாளி. பொம்பள வரையறான்னு தெரிஞ்சா படிக்கிறவனுக்கு மனசு வுட்டுப்பூடுமாம்."

"எனக்கு வுடலியேக்கா."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணு," என்றார்.

பண்ணினேன்.

மார்ச் 25, ஞாயிறு

இப்போதெல்லாம் பூசை முடிந்தால் மொட்டை மாடி. அக்கா வரைகிறார், நான் கேட்கிறேன். ஹென்றிக்கு அம்மா உண்டா? அவன் ஆபீசில் யாருக்கும் சந்தேகமே வரவில்லையா? காற்று நிற்கப்போவது அவனுக்கு முன்கூட்டித் தெரியுமா?

"இத்தினி கேள்வி கேக்கறியே, அடுத்து இன்னா ஆவும்னு மட்டும் கேக்கலியே," என்றார்.

"சொல்வீங்களா?"

"எனக்கே தெரியாது. வரைஞ்சாதான் தெரியும்."

ஏப்ரல் 20, பெரிய வெள்ளி

அறுபத்தெட்டு இன்று வந்திருக்கும். இன்றைக்கு வாங்கப் போகக்கூடாது. சிலுவைப்பாதை முழுக்க அதையே நினைத்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

மே 4, வெள்ளி

ஆல்டன் நகரத்துத் தொலைபேசி நிலையத்தில் ஒரு பெண். வில்லன் டாக்டர் கிராமின் பேச்சைப் பாதி கேட்கிறாள். கேட்கக்கூடாது, இணைப்பைக் கொடுத்துவிட்டு விலக வேண்டும். விலகாமல் மீதியையும் கேட்கிறாள். ஓடிப்போய்ப் புயலேறியை எச்சரிக்கிறாள்.

காதோரம் சுருட்டை முடி. என் முடி.

பஸ்ஸில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

ஜூன் 15, வெள்ளி

எழுபத்திரண்டு. கழிமுகத்தையே கண்ணாடிக் கூண்டால் மூடிவிட்டான் டாக்டர் கிராம். உள்ளே இலைகூட அசையவில்லை. புயலேறி சேற்றில் விழுகிறான். அங்கி நனைந்து கிடக்கிறது. கூண்டின் கதவு மூடுகிறது. தொடரும்.

இதிலிருந்து எப்படி வெளியே வருவான்? வழியே தெரியவில்லை. பதினைந்து நாள் எப்படிப் பொறுப்பது?

ஜூன் 24, ஞாயிறு

அக்கா மாடியில் இல்லை. கீழே வீட்டில் இருந்தார். பிரஷ்களைக் கழுவி ஒரு டம்ளரில் தலைகீழாக வைத்திருந்தார்.

"ஃபிலிம் வந்துட்ச்சாம்," என்றார். "இனிமே நா வேணாம்."

"சரிக்கா. அந்தக் கண்ணாடிக் கூண்டு?"

நீலமேகம் அண்ணன்தான் பதில் சொன்னார். "மொதலாளிகிட்ட கேட்டேன். அது கெடக்கட்டும், எவனும் கேக்க மாட்டான்னு சொல்ட்டாரு."

ஜூன் 29, வெள்ளி

எழுபத்துமூன்று. பழைய மூக்கு. பழைய பட்டு அங்கி. புயலேறி ஏதோ பனிமலைமேல் ஜம்மென்று பறக்கிறான். கூண்டு எங்க? சேறு எங்க? அவ எங்க, அந்த டெலிபோன்காரி? ஒரு வார்த்த இல்ல. ஒண்ணுமே நடக்காத மாரி பறந்துகினு கீறான். எவனும் கேக்க மாட்டானாம். நா கேக்கறேன். எத்தினி பேர் பதினஞ்சி நாளு காத்துகினு இருந்தாங்க, அவங்கல்லாம் இன்னா மனுசங்க இல்லியா?

அசல் வந்துவிட்டது. எனக்கு இதுதான் டூப்பாகத் தெரிகிறது.

ஜூலை 8, ஞாயிறு

நம்பவே முடியவில்லை. பாய் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இதுவரை வந்ததே இல்லை. அம்மா பதறிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டாள். உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றித் தட்டினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக்கூடாது."

"இல்ல பாய்."

"அந்தக் கூண்டுலேர்ந்து அவன் வெளிய வந்தானா இல்லியா?"

அப்போதுதான் புரிந்தது. அறுபதோடு முடித்தவர் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு எடுத்து வைத்த பிரதியைத் தருவதற்கு முன் படித்திருக்கிறார்.

"டூப்புன்னு சொன்னீங்களே பாய்."

"வரைஞ்சவன் டூப்பும்மா. சேத்துல வுயிந்து கெடக்கறவன் டூப்பு இல்லியே. கடைக்கு வர்றவன்லாம் கேக்கறான். எனக்கும் ராத்திரி பேஜாரா கீது. உனக்கு எதனா தெரியுமா?"

பாதி தெரியும் பாய், ஆனால் சத்தியம் பண்ணியிருக்கிறேன். மனதுக்குள்தான் சொல்ல முடிந்தது. "தெரியல," என்றேன். அதுவும் உண்மைதானே?

ஜூலை 15, ஞாயிறு

அக்காவிடம் மன்றாடினேன். அச்சுக்கு வேண்டாம், நமக்காக மட்டும் முடித்துக் கொடுங்கள் என்றேன்.

"அவன் அவங்களோட ஆளு. எனக்குக் கொஞ்சநாளு குடுத்தாங்க, திரும்ப வாங்கிக்கினாங்க."

"அவன வுட்ட எடத்துல அப்படியே வுட்டுடறதா?"

முறத்தில் அரிசியைப் புடைத்தார். "அவன அந்தக் கூண்டுல போட்டப்ப எனக்கு வழி தெரியல ஐரீனு. அடுத்த வாரம் தெரியும்னு இருந்தேன். அடுத்த வாரம் வரல." முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எப்பப் பாரு நீயே கேக்கற. இப்ப நா கேக்கறேன். எப்பிடி வெளிய வருவான்? சொல்லு, வரையறேன்."

யோசித்துக்கொண்டே இறங்கி வந்தேன். கேட்பது இவ்வளவு சுலபமான வேலை என்று இத்தனை நாள் தெரியாமல் போனது.

ஜூலை 21, சனி

கண்ணாடியை உடைத்தால்? அது எல்லாரும் செய்வது. டெலிபோன்காரி வந்து கதவைத் திறந்தால்? பிடித்திருக்கிறது, ஆனால் அவள் நான் என்பதால் பிடித்திருக்கிறது. அண்ணனைக் கேட்டேன். "கிரேன் போட்டுத் தூக்கு," என்றான்.

ஜூலை 28, சனி

அரைநாள் வேலை. வீட்டுக்குப் போகாமல் எதிர்ப் பக்கம் பஸ் ஏறி எண்ணூர் போனேன். முகத்துவாரக்குப்பத்தில் கழிமுகம் ஓரமாக உட்கார்ந்தேன். தண்ணீர் வற்றிய நேரம். காற்று சுத்தமாக இல்லை. பாய்மரங்கள் சுருண்டு கிடந்தன. வியர்த்துக் கொட்டியது.

இடுப்பளவுச் சேற்றுத் தண்ணீரில் ஒரு பெண் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார். பல்லில் கூடையைக் கவ்வியபடி, ஒரு காலை உருவி முன்னே வைத்து, அது ஊன்றியதும் மறுகாலை உருவி. அவசரமே இல்லை. அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்து சேர்ந்தார். கரையேறிக் கால் கழுவினார்.

காற்று நின்றும் அவருக்கு ஒன்றும் நேரவில்லை.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

"நடந்து வருவான்க்கா," என்றேன். "முகமூடியக் கழட்டிட்டு, அந்த அங்கிய சேத்துலயே வுட்டுட்டு, ஹென்றியா நடந்து வருவான். காத்த நிறுத்தினவன் புயலேறியத்தான் காவல் காக்கறான். குமாஸ்தாவ எவனும் பாக்க மாட்டான். வலை தூக்கிக்கினு வேலைக்குப் போறவங்களோட ஒருத்தனா வெளிய வந்துடுவான்."

அக்கா கவலையாக, "எனக்குக் கால் வரைய வராது," என்றார். "பறக்கறவனுக்கு எதுக்குன்னு பயகவே இல்ல."

அன்னக்கூடையில் மண்ணைக் குழைத்துப் போட்டு என்னை அதில் நிற்க வைத்தார். வெயில் தாழும்வரை ஒவ்வொரு காலாக உருவிக் காட்டினேன். மாடிக்குத் துணி எடுக்க வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

கால் வந்துவிட்டது. அப்பா, எவ்வளவு கனமான கால்.

செப்டம்பர் 23, ஞாயிறு

இன்று முதலாளியே மூன்று மாடி ஏறி வந்தார். சங்கரநாராயணன் என்று பெயர், மேல்மூச்சு வாங்கியது. கடைகளிலிருந்து இதழ்கள் திரும்பி வருகின்றனவாம். கூண்டு என்னவாயிற்று என்று கேட்டு ஊரெல்லாம் ஒரே நச்சரிப்பாம்.

"முடிச்சுக் குடுத்துடும்மா," என்றார்.

அக்கா உள்ளே போய் முடித்த பக்கங்களைக் கொண்டுவந்து வைத்தார். அவர் நின்றபடியே படித்தார். பாதியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். முடித்ததும் எழுந்திருக்க அவசரப்படவில்லை.

"அடுத்த மாசமே போட்டுடலாம்."

"என் பேரு போடணும்," என்றார் அக்கா.

"அதெப்படிம்மா. சரி, வல்லின்னு சின்னதாப் போட்டுக்கறேன். ஆணா பொண்ணான்னு தெரியாது."

"புஷ்பவல்லி."

முதலாளி நீலமேகம் அண்ணனைப் பார்த்தார், புருஷன் சமாதானம் சொல்வார் என்று. "அவ பேரு அதான் சார்," என்றார் அண்ணன். "பாதிப் பேரச் சொல்லிக் கூப்ட்டா இங்க யாரு திரும்பிப் பாப்பாங்க?"

பக்கங்களைத் திரும்ப அடுக்கத் தொடங்கினார் அக்கா. கடைசிப் பக்கத்தை எடுக்கும்போது முதலாளி அதன் மேல் கை வைத்தார்.

"சரி. முழுசாப் போடறேன்."

செப்டம்பர் 30, ஞாயிறு

அக்காவே என்னைச் சத்தியத்திலிருந்து விடுவித்துவிட்டார். நேராகப் பாய் கடைக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன்: மாடி, புடவை, புஷ்பவல்லி.

"பொம்பளையா," என்றார். "உன் வூட்டு வாசல்ல வந்து நின்னனே. அப்பவும் மூஞ்சில காட்டலியே நீ."

"கோவமா பாய்?"

"இல்ல. எங்கிட்ட எதனா ரகசியம் இருந்தா இனிமே உங்கிட்டதான் சொல்லணும்." சிரித்தார். நான் முடிவைச் சொல்ல வாயெடுத்தேன். உள்ளங்கையைக் காட்டித் தடுத்தார். "அத்த மட்டும் சொல்லாத. இத்தினி மாசம் இருந்தாச்சி."

அக்டோபர் 19, வெள்ளி

வந்துவிட்டது. அட்டையில் பறக்கிற ஆள் இல்லை. சேற்றில் ஒரு கால், உருவி எடுத்த மறுகால். கீழே: சித்திரம், புஷ்பவல்லி. அதற்கும் கீழே, யாரும் எனக்குச் சொல்லவில்லை: கதை உதவி, ஐரீன்.

அம்மா என் பெயரை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். "நம்ம ஐரீனா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

அக்டோபர் 22, திங்கள்

காலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒருவர். காக்கிச் சட்டை, காலடியில் சாப்பாட்டுத் தூக்கு, வேலைக்குப் போகிறவர். கையில் அந்த இதழ். தோளுக்கு மேலாகப் பார்த்தேன். ஹென்றி முகமூடியைக் கழற்றுகிற பக்கம். அடுத்த பக்கம் திருப்புவார் என்று பார்த்தால், முந்தின பக்கத்துக்குப் போனார். மறுபடி இந்தப் பக்கம். எதைத் தேடுகிறார்? பிடித்ததா, பிடிக்கவில்லையா? பின்மண்டையை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எர்ணாவூர் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவர் அப்போதுதான் நடக்கிற பக்கத்துக்கு வந்திருந்தார்.

கத்திவாக்கத்தில் அவர் இறங்கினார். இன்னும் முடிக்கவில்லை. இதழை மூடினார், ஆனால் ஒரு விரலை உள்ளேயே வைத்திருந்தார். அப்படியே மறுகையில் தூக்கை ஆட்டிக்கொண்டு சாலையைக் கடந்து போனார்.

இறங்கித் திரும்பி நடந்தேன். ஆபீசில் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, பஸ் கெடைக்கலியா?"

"கெடைச்சுது சார். எறங்கத்தான் மனசு வரல."